பங்கும் இருக்கையும்: தொழில் நிறுவனங்களிற் பெண்களின் தலைமைத்துவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில், கற்பிட்டிக் குடாநாட்டிலே அமைந்த ஊர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. பெயரிலே குறிஞ்சி நின்றாலும் நிலத்தால் அது நெய்தலே. மலையென்று சுட்டத்தக்க யாதும் அங்கு இல்லை. மேற்கே கடலும் கிழக்கே களப்பும் சூழ நிற்கும் அக்குடாநாட்டின் மணலிலே வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. கரையிலே மீன் கருவாடாகின்றது. களை பிடுங்கல், வெங்காயம் கட்டல், மீன் வெட்டி உப்பிட்டு உலர்த்தல் ஆகிய வேலைகளிற் பெண்களின் உழைப்பு கண்கூடு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே தஞ்சம் புகுந்தபோது, அவர்களுள் முன்னொருபோதும் கூலிக்குச் சென்றறியாத பெண்களும் இத்தோட்டங்களில் இறங்க நேர்ந்தது.

கரைவலையின் பிடி விற்றதும் வருவாய் பங்காகப் பிரிக்கப்படும். வலைக்கும் வள்ளத்துக்கும் உரியவரான சம்மாட்டிக்கு இவ்வளவு, வலை இழுத்தோருக்கு இவ்வளவு என்பது ஊருக்கு ஊர் சற்றே வேறுபடும் வழமை. கருவாடு போடும் பெண்ணுக்குக் கிடைப்பது பங்கன்று, கூலி. சம்மாட்டி என்னும் சொல்லுக்கு ஒரு பெண்பால் வடிவத்தை நாம் கேட்டதில்லை.

பங்கு என்னும் இச்சொல்லையே கொழும்புப் பங்குச் சந்தையும் வழங்குகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவது வலிந்து பொருள் கொள்வதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும், நவீன கம்பனிகளிற் பால்நிலைப் பன்மைத்துவம் வேண்டும், பெண்கள் தலைமைப் பதவிகளுக்கு உயர்த்தப்படல் வேண்டும் என்று இன்று எழுந்துள்ள கோரிக்கையை, மேனாட்டிலிருந்து வந்திறங்கிய ஒரு முகாமைத்துவ நாகரிகமாக மட்டும் கருதுவோர்க்கு இக்கரையின் வரலாறு சில உண்மைகளை உணர்த்தவல்லது. உழைப்பு வேறு, சொத்து வேறு, தீர்மானம் எடுக்கும் இருக்கை வேறு. முதலிரண்டும் பெண்களைச் சார்ந்திருந்த சமூகங்களிலும் மூன்றாவது அவர்களுக்குத் தானாக வந்து சேரவில்லை. இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கற்பிட்டியிலே 1807 இற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இலங்கைத்தீவின் இடங்களையும் மக்களையும் விவரிக்கும் அகராதியொன்றை 1834 இலும், தமிழ்ப் புலவர் வரலாறுகளை ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரில் 1859 இலும் ஆங்கிலத்திலே வெளியிட்ட இவர், புத்தளத்து முக்குவரின் தோற்றம், வழமை என்பன பற்றியும் எழுதினார். அவர் குறிப்பிடும் நிறுவனங்களுள் நமக்கு இங்கு முக்கியமானது முத்திரைக்கூடம் எனப்பட்ட மன்று. முக்குவத் தலைவர் பதினெண்மர் கூடி வழக்குகளைத் தீர்த்த அம்மன்று பிரித்தானியர் ஆட்சியிலே மறைந்தொழிந்தது.

முக்குவச் சட்டம் என அறியப்படும் வழமை தாய்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்டது. 1876 இற் கிறிஸ்தோபர் பிரிற்றோ இதனை ஆங்கிலத்திலே நூலாக்கினார். மட்டக்களப்பிலே இது தெளிவாக வழங்கியது. முதுசம் பெண்வழியே இறங்கும். ஒருவனது முதுசத்துக்கு அவன் மக்களன்றிச் சகோதரியின் மக்களே உரியோர். தேடிய தேட்டமே மக்களைச் சேரும். அதே 1876 ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இவ்வழமையின் சட்டவலுவை நீக்கிற்று. எனினும் தாய்வழிக் குடிமுறையும், வீட்டைப் பெண்ணுக்கே சீதனமாக வழங்கும் வழக்கமும் கிழக்கிலே தொடர்ந்தன. அக்கரைப்பற்றிலே களவாய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

எங்கெல்ஸ் 1884 இல் எழுதிய, குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலைக் கற்ற முற்போக்காளர் தாய்வழி உரிமை என்றதும் பெண்ணின் மேலாண்மை நிலவிய ஒரு காலத்தைக் கற்பனை செய்வதுண்டு. முக்குவரின் வரலாறு அத்தகைய அவசர முடிவுக்கு இடந்தரவில்லை. உரிமை பெண்வழியே சென்றது. ஆனால் அவ்வுரிமையின் பேராற் சபையிலே அமர்ந்தவன் தாய்மாமன், சகோதரன் அல்லது சகோதரியின் மகன். கிழக்கிலங்கைக் கோயில்களில் வண்ணக்கர் பதவி இன்ன குடிக்குரியது என்பது தாயைக் கொண்டே தீர்மானிக்கப்படும்; வண்ணக்கராய்ப் பொறுப்பேற்பவரோ ஆண். பெண் இங்கே இருக்கைக்குச் செல்லும் வழியாக இருந்தாள், இருக்கையில் இருக்கவில்லை. தாய்வழி மரபு பெண்ணுக்கு எதனையும் தரவில்லை என்பது நமது கருத்தன்று. சொந்த வீடுள்ள பெண் கணவனால் எளிதிற் கைவிடப்படுவதில்லை என்பது சிறு நன்மையன்று. சொத்தின் வழியும் அதிகாரத்தின் இடமும் பிரிந்து நிற்கக்கூடியவை என்பதையே இங்கு வற்புறுத்துகின்றோம்.

வணிக உலகிலே இப்பிரிவு இன்னும் கூர்மையாகத் தெரிகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கையின் கடன் வாணிபத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பங்கு யாவரும் அறிந்ததே. ஆங்கிலேய வங்கிகளின் வாசலுக்குச் செல்லவியலாத சுதேச வணிகருக்கும் தோட்டச் சொந்தக்காரருக்கும் கொழும்புச் செட்டியார் தெருவே வங்கியாயிருந்தது. அந்தக் கடைகளிலே புழங்கிய முதலின் ஒரு பகுதி ஆச்சிமார் பணம் எனப்பட்ட பெண்களின் சீர்ப்பணமாகும். பணம் கடல் கடந்து வட்டிக்குச் சென்று திரும்பியது. கிட்டங்கியில் இருந்து கணக்கெழுதியோரும் கடன் கொடுப்பதா மறுப்பதா என முடிவு செய்தோரும் ஆண்களே. பணத்துக்குரிய ஆச்சி செட்டிநாட்டு வீட்டிலிருந்து அந்த வீட்டையும், குடும்பத்தின் உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கல்களிற் பெரும்பகுதியையும் நிர்வகித்தாள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நிர்வாகத் திறன் இல்லாமையால் அவள் கடைக்கு வெளியே நிறுத்தப்படவில்லை.

தோட்டப் பொருளாதாரத்திலே நாம் காண்பது சொத்தற்ற உழைப்பு. கொழுந்து பறித்தலாகிய, தேயிலை உற்பத்தியின் உயிர்நாடியான வேலை பெண்களுக்குரியதாகவே வளர்ந்தது. அவளுக்கு மேலே கங்காணி, அவனுக்கு மேலே கணக்கப்பிள்ளை, அதற்கும் மேலே துரை. இந்த ஏணியின் எப்படியிலும் பெண்ணுக்கு இடமிருக்கவில்லை. அவளது சம்பளம் கணவனின் கையிலே கொடுக்கப்பட்ட வழக்கமும் நெடுங்காலம் நிலவியது. சம்பளச் சபைகளை உருவாக்கிய 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னரும் ஆணுக்கொரு நாட்கூலியும் பெண்ணுக்கு அதனிற் குறைந்ததொன்றும் விதிக்கப்பட்டன. தோட்டத்துறையில் இவ்வேறுபாடு 1984 இலேதான் நீங்கிற்று. தொழிற்சங்கங்களின் நிலையும் பெரிதும் மாறுபட்டதன்று. 1930களிலே கோ. நடேசையருடன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடையே பாடியும் பேசியும் இயக்கம் வளர்த்த மீனாட்சியம்மையின் பெயர் மலையக வரலாற்றிலே போற்றப்படுகின்றது. ஆயினும் உறுப்பினரிற் பெரும்பகுதியினர் பெண்களாயிருந்த சங்கங்களின் உச்சப் பதவிகளுக்கு அவர் வழிவந்தோர் எத்தனை பேர் உயர்ந்தனர்? 1992 இலே தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் கொழுந்துக்கூடை சுமந்தோரின் பாலும் பணிப்பாளர் சபையில் அமர்ந்தோரின் பாலும் வேறாகவே தொடர்ந்தன.

1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் பெண்ணுழைப்பின் இரண்டாவது பெரும் திரட்சியை உண்டாக்கியது. 1978 இன் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டுக் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அங்கு தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தோரிற் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அவ்வாலைகளிலே இரவுவேலைக்குத் தடையாயிருந்த, பெண்களின் இரவுவேலை பற்றிய சர்வதேசத் தொழில் சமவாயத்திலிருந்து இலங்கை 1982 இல் விலகிற்று. 1984 இன் 32 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பெண்களை மாதத்திற் பத்து நாட்களுக்கு மேற்படாமல் இரவில் வேலைக்கமர்த்த இடமளித்தது. பெண்ணின் பாதுகாப்புக்கென நெடுங்காலம் பேணப்பட்ட ஒரு தடை, ஏற்றுமதிக்கு இயந்திரங்கள் ஓட வேண்டும் என்றதும் தளர்ந்தமை கவனிக்கத்தக்கது. உயர் பதவிக்குப் பெண்ணைத் தெரிவதற்குத் தடையென இதேபோற் காட்டப்படும் இரவு, பிரயாணம், குடும்பப் பொறுப்பு முதலியனவும் இத்துணை எளிதிலே தளரக்கூடியனவே.

வலயத் தொழிலாளப் பெண்களின் குரலாக ‘தபிந்து’ என்னும் சிங்களப் பத்திரிகை 1984 இலே தோன்றியது. தமது அறைகளிலே தண்ணீரில்லாமை முதல் மேற்பார்வையாளரின் வசைமொழி வரை அவர்களே எழுதினர். நிறுவனங்களும் காலப்போக்கிற் சில முயற்சிகளை மேற்கொண்டன. எம்.ஏ.எஸ். நிறுவனம் 2003 இலே பெண் தொழிலாளரின் திறன் வளர்ச்சிக்கென ‘விமன் கோ பியொண்ட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்களை வெறும் விளம்பரமென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஆங்கிலமும் கணினியும் கற்ற ஒரு பெண்ணின் வாழ்வில் அவை மெய்யான மாற்றங்களாகும். ஆனால் ஒரு நிறுவனத்தை அளக்க வேண்டுமாயின் நாம் கேட்கவேண்டிய கேள்வி எளிமையானது: இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்களுள் எத்தனை பேர் வரிசைப் பொறுப்பாளராயினர், அவர்களுள் எத்தனை பேர் உற்பத்தி முகாமையாளராயினர்? பயிற்சி பெற்றோரின் தொகை இதற்கு விடையாகாது.

இவ்விடத்தில் அரசியலையும் ஒரு கணம் நோக்குதல் பயனுடைத்து. 1931 இலே சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு இலங்கை. அவ்வாண்டே அடலின் மொலமூறேயும், மறு ஆண்டு கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்துவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். 1960 இற் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார். இவர்கள் ஆற்றலிற் குறைந்தோர் அல்லர். எனினும் தந்தையோ கணவனோ விட்ட இடத்தினூடாக வந்தவர்கள் என்பதும், ஒரு பெண் உச்சத்தை அடைந்தமை கீழுள்ள படிகளைப் பெண்களுக்குத் திறந்துவிடவில்லை என்பதும் உண்மை. 2024 இலே ஹரிணி அமரசூரிய அத்தகைய குடும்பப் பின்னணியின்றிப் பிரதமரானார்; அவ்வாண்டுத் தேர்தலில் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்துக்குத் தெரிவான பெண்கள் பத்து வீதத்தையும் எட்டவில்லை. மாறாக, உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கும் ஏற்பாடு 2016 இற் சட்டமாகி 2018 பெப்ரவரித் தேர்தலிற் செயற்பட்டபோது, அதுவரை ஏறத்தாழ 2 வீதமாயிருந்த பெண் உறுப்பினர் தொகை ஒரே பாய்ச்சலில் 20 வீதத்தைக் கடந்தது. தகுதியான பெண்கள் கிடைக்கமாட்டார்கள் என்ற பழைய வாதம் அன்று உதிர்ந்தது. தவிசாளர் பதவிகள் பெரும்பாலும் ஆண்களிடமே தங்கின என்பது வேறு கதை. சட்டம் ஆசனத்தைப் பற்றிப் பேசியது, தவிசைப் பற்றிப் பேசவில்லை.

கம்பனிச் சட்டம் ஆசனத்தைப் பற்றியும் பேசவில்லை. 2007 இன் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்திலே பணிப்பாளர் சபையிற் பெண்கள் இடம்பெற வேண்டும் என்ற விதி எதுவும் சேர்க்கப்படவில்லை. கஸ்தூரி செல்லராஜா வில்சன் 2020 இலே ஹேமாஸ் குழுமத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக நியமிக்கப்பட்டபோது, பங்குச் சந்தையில் இடம்பெற்ற பல்துறைக் குழுமமொன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் இலங்கைப் பெண் என அச்செய்தி கொண்டாடப்பட்டது. முதல் பெண் பிரதமருக்கும் இந்நியமனத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள். நாட்டை ஆள்வதற்குப் பொருத்தமானவளாகக் காணப்பட்ட பெண், கம்பனியை ஆள்வதற்குப் பொருத்தமானவளாகத் தோன்ற இத்துணைக் காலம் சென்றது.

அயலிலே இந்தியா 2013 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 149 ஆம் பிரிவின் மூலம், குறித்த வகைக் கம்பனிகள் ஒரு பெண் பணிப்பாளரையேனும் கொண்டிருத்தல் வேண்டும் என விதித்தது. விளைவு ஓரளவு நகைப்புக்கிடமானது. காலக்கெடு நெருங்கியபோது பல கம்பனிகள் உரிமையாளரின் மனைவியையோ சகோதரியையோ சபையில் அமர்த்திக் கடனைக் கழித்தன. ஆகவே பிணையங்கள் ஒழுங்குபடுத்தும் சபையான செபி, குடும்பச் சார்பற்ற சுயாதீனப் பெண் பணிப்பாளர் ஒருவர் வேண்டும் என, முதல் 500 கம்பனிகளுக்கு 2019 ஏப்பிரல் முதலும், முதல் 1000 கம்பனிகளுக்கு 2020 ஏப்பிரல் முதலும் நிபந்தனை விதிக்க நேர்ந்தது.

ஆனால் பங்குச் சந்தைக்கு வராத குடும்பக் கம்பனிகளிலே நிலைமை வேறு. 1900 இலே பர்மாவின் மோல்மேனிற் செட்டியார் வட்டிக்கடையாகத் தொடங்கி, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்குவது முருகப்பா குழுமம். அக்குடும்பத்தைச் சேர்ந்த எம். வி. முருகப்பன் 2017 இற் காலமானார். அவருக்கு ஆண்மக்கள் இல்லை. மனைவியும் இரு புதல்வியரும் குடும்பத்தின் முதலீட்டுக் கம்பனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் எட்டு வீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்குகளுக்கு உரியோராயினர். அணுப் பொறியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற மூத்த புதல்வி வள்ளி அருணாசலம் பணிப்பாளர் சபையில் இடம் கோரினார். பெண் என்பதனாலேயே தமக்கு இடம் மறுக்கப்படுவதாக அவர் பகிரங்கமாக முறையிட்டார். 2020 செப்ரெம்பர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 91 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் அவரது நியமனம் நிராகரிக்கப்பட்டது. 2023 இலே இரு தரப்பினரும் குடும்ப இணக்கமொன்றுக்கு வந்தனர். வழக்கின் நியாயங்களை ஆராய்வது நமது நோக்கமன்று. பெண்ணின் பங்கு மறுக்கப்படவில்லை. மரபுரிமைச் சட்டம் அதனை உறுதிசெய்திருந்தது. மறுக்கப்பட்டது இருக்கை. ஆச்சிமார் பணம் கடையிலிருந்தும் ஆச்சி கடையில் இல்லாத பழைய அமைப்பை நாம் இங்கு நினைவுகூராதிருத்தல் இயலாது.

நோர்வே 2003 இலே பொதுக் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளில் ஒவ்வொரு பாலினரும் 40 வீதமேனும் இருத்தல் வேண்டும் எனச் சட்டமியற்றியது. தாமாக முன்வரக் கொடுத்த காலம் வீணானபின் 2006 முதல் அது கட்டாயமாயிற்று. 2008 அளவில் நிறைவேறிற்று. நிறைவேற்றாத கம்பனி கலைக்கப்படலாம் என்பதே தண்டனை. எனினும் தலைமை நிறைவேற்று அதிகாரிகளிற் பெண்கள் அங்கும் சிறுபான்மையினராகவே நீடித்தனர்.

இனி, முற்போக்கு வாசகரிடமிருந்து எழக்கூடிய தடையொன்றுக்கு வருவோம். கொழும்பின் ஆங்கிலம் கற்ற சில பெண்கள் பணிப்பாளர் சபைகளில் அமர்வதால் கருவாட்டு வாடியில் நிற்கும் பெண்ணுக்கு வருவது யாது? சுரண்டுபவரின் பால் மாறுவதாற் சுரண்டல் ஒழியுமோ? இக்கேள்வியில் நியாயமுண்டு; நாமும் அதனை நெடுங்காலம் கேட்டுவந்தவர்களே. ஒழியாது என்பதே விடை. ஆயினும் அதனாலேயே இருக்கை பற்றிய கோரிக்கையைக் கைவிடுதல் தவறு என்று இப்போது கருதுகின்றோம். இரவுவேலை முடித்த பெண்ணை வீடு சேர்க்கும் வாகனம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், பாலியற் தொல்லை பற்றிய முறைப்பாட்டை விசாரிப்பவர் யார் என்பது ஆகிய யாவும் ஏதோ ஓர் அறையிலே, ஏதோ ஒரு மேசையைச் சுற்றியிருப்போராலே தீர்மானிக்கப்படுகின்றன. அந்த அறைக்குள்ளே தொழிலாளப் பெண்ணின் தொழிற்சங்கம் எவ்வழியாயினும் நுழையாவிடின், அங்கிருக்கும் பெண் பணிப்பாளரும் சூழலுக்கேற்பவே பேசுவார். எனவே மேலே ஒதுக்கீடும் கீழே சங்கமும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகளாக அமைதல் வேண்டும்.

சட்டத்திலே உடனடியாகத் தீர்க்கத்தக்க முடிச்சுகளும் உள. பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இல் வந்தது; மூன்றாம் குழந்தைக்கு ஆறு கிழமை என்றிருந்த குறைவை 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி யாவற்றுக்கும் பன்னிரண்டு கிழமை என்றாக்கியது. ஆனால் அக்காலச் சம்பளம் முழுவதையும் தனித்தனித் தொழில்வழங்குநரே சுமக்கும் முறை மாறவில்லை. இளம்பெண்ணைப் பொறுப்பான பதவிக்கு எடுக்கத் தயங்கும் முகாமையாளருக்கு இதுவே கையிலுள்ள கணக்கு. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 2000 ஆம் ஆண்டுச் சமவாயம், இச்செலவு சமூகக் காப்புறுதியாலோ பொது நிதியாலோ ஏற்கப்படல் வேண்டும் என்னும் நெறியை வகுத்துள்ளது. தந்தையருக்கும் விடுமுறை அளித்து, செலவை யாவரும் பங்கிட்டால் இக்கணக்கு பொய்த்துப்போகும். மற்றொன்று தேசவழமைக்குட்பட்ட பெண்ணின் நிலை. 1923 ஆம் ஆண்டு விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் ஏனையோர்க்கு வழங்கிய சுதந்திரம் அவளை எட்டவில்லை. 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி தன் சீதன வீட்டை ஈடு வைத்துத் தொழில் தொடங்கவும் அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 2009 இன் பின்னர், கணவன் காணாமற்போன குடும்பங்கள் பலவற்றைப் பெண்களே நடத்தும் வட மாகாணத்தில் இவ்விதியின் கொடுமையை விளக்கத் தேவையில்லை.

புத்தளக் கரையில் தேசவழமை இல்லை. முக்குவச் சட்டமும் வழக்கொழிந்து வெகுகாலமாயிற்று. அங்கே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் உள்ளன. தலைவியும் செயலாளரும் தனாதிகாரியும் பெண்கள். கூட்டக் குறிப்பு ஒழுங்காக எழுதப்படுகின்றது. சிறுகடன் தவறாது திரும்புகின்றது. ஒரு கம்பனியின் பணிப்பாளர் சபைக்கு வேண்டிய ஒழுக்கங்களில் எதுவும் இங்கு குறைவில்லை. ஆனால் வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் உரிய பெருங்கடன் இப்புத்தகத்தில் இடம்பெறுவதில்லை. அது கணவனின் பெயரில் வேறிடத்தில் எழுதப்படுகின்றது. அக்கடன் தவணை தவறும்போது கட்டுவதற்குக் கருவாட்டுக் கூலியிலிருந்து பணம் எடுக்கப்படுகின்றது.